சூரை மீன் குடலிலிருந்து ஒரு நீலப் பட்டை

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தையும் காற்றாலை நிறுவனத்தையும் தாண்டிப் பள்ளிக்கரணையின் உள்தெரு ஒன்றில் திரும்பினால், கீழே மளிகைக் கடை, நடுவில் குடியிருப்பு, மேல்மாடியில் ஆய்வகம் என ஒரு கட்டடம். புரதங்களைப் பிரித்து, அவற்றின் அமினோ அமில வரிசையை எந்திரம் படிப்பதற்குத் தோதாக மெம்பிரேனில் ஏற்றித் தருவது இவர்கள் வேலை. கல்லூரி மாணவர்கள் கொண்டுவருகிறார்கள். சிறு மருந்து நிறுவனங்கள் அனுப்புகின்றன. படிக்கும் எந்திரம் இங்கே கிடையாது, அது வெளியூரில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

ஆய்வகம் ஏன் மேல்மாடியில் என்று கேட்கத் தேவையே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் எப்படி நின்றது என்று ஊருக்கே தெரியும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் தரைத்தளத்தில் வைக்க இங்கே யாருக்கும் துணிச்சல் வராது. ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த அதே நிலம்தான். இங்கிருந்து பார்த்தால் கோரையும் தூரத்துக் குப்பைமேடும்தான் தெரிகின்றன.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் கையுறை கொடுத்தார்கள். நான் கையுறை போட்ட கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தேன். உடனே வேறு ஜோடி வந்தது.

"மூஞ்சியத் தொட்ட கையால எதையும் தொடாதீங்க சார்," என்றார் ஆய்வகத்தை நடத்தும் அம்மையார். எல்லாரும் அவரை மேடம் என்கிறார்கள், நானும் அப்படியே. "வேர்வையில அமினோ ஆசிட் இருக்கு. போலீஸ்காரங்க பேப்பர்ல கைரேகை எடுக்கறது எதை வெச்சுன்னு நினைக்கிறீங்க?"

நின்ஹைட்ரின் தெளித்தால் கைரேகை ஊதா நிறத்தில் எழும். நின்ஹைட்ரின் வினைபுரிவது விரல் விட்டுச் சென்ற அமினோ அமிலங்களோடுதான். அதில் செரினும் கிளைசினும் அதிகம். புரதத்தில் என்னென்ன அமினோ அமிலம் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்க்கப் போகிற இடத்தில் நம் விரலின் செரினும் கிளைசினும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கையுறையில் பவுடர் கூடாது, கிடுக்கியால் மட்டுமே மெம்பிரேனை எடுக்க வேண்டும் என்ற கெடுபிடியெல்லாம் இதற்காகத்தான்.

அன்றைய மாதிரியைக் கொண்டுவந்திருந்தவர் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி மாணவி. சூரை மீனை வெட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர்கள் வீசியெறியும் குடலிலிருந்து ஒரு செரிமான நொதியைப் பிரித்தெடுத்திருக்கிறார். அது டிரிப்சினாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். எடை சுமார் 24 கிலோடால்டன், செயல்பாடும் ஒத்துப்போகிறது. ஆனால் ஆய்விதழுக்கு அனுப்பியபோது, "முதல் பத்து அமினோ அமிலங்களைக் காட்டுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தானே மெம்பிரேனில் ஏற்றி ஒருமுறை அனுப்பியும் பார்த்துவிட்டார். வந்த அறிக்கையை மேசைமேல் விரித்துக் காட்டினார்.

எந்திரம் சுற்றுக்கு ஓர் அமினோ அமிலமாகப் படிக்கும். வரைபடத்தின் முதல் சுற்றில் கிளைசினின் முகடு தாளின் உச்சியை முட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் காலடியில் ஐசோலூசினுக்கான சின்ன மேடு. இரண்டாம் சுற்றிலும் கிளைசின்; பக்கத்தில் கொஞ்சம் வாலின். மூன்றாவதும் கிளைசின், நான்காவதும் கிளைசின். அடியில் அதைப் படித்த ஆய்வகத்தார் எழுதியிருந்தார்கள்: பின்னணி மிக அதிகம், உறுதி சொல்ல இயலாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிரிப்சினின் தொடக்கமே ஐசோலூசின், வாலின், கிளைசின், கிளைசின் என்றுதான். மாடு, பன்றி, மனிதன், மீன் என்று எதை எடுத்தாலும் இந்த நான்கும் மாறுவதில்லை. ஆகவே மூன்றாவதிலும் நான்காவதிலும் தெரிந்த கிளைசின் புரதத்தினுடையதா, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

"எந்த பஃபர்ல டிரான்ஸ்ஃபர் பண்ணினேம்மா?" என்று மேடம் கேட்டபோதே மாணவியின் முகம் பதில் சொல்லிவிட்டது. ஆன்டிபாடியால் புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் பழகிய கை. டிரிஸ்–கிளைசின் பஃபர்.

அந்த பஃபரில் கிளைசின் 192 மில்லிமோலார். ஒரே ஒரு மைக்ரோலிட்டரில் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 1,92,000 பிகோமோல். படிக்க வேண்டிய புரதமோ அந்த மெம்பிரேன் துண்டில் 20 பிகோமோல் இருந்தாலே பெரிது. அந்தச் சின்னத் துளி பஃபர் அலசலில் போகாமல் தங்கிவிட்டால், புரதத்தைப் போல ஒன்பதாயிரம் மடங்குக்கு மேல் கிளைசின் எந்திரத்துக்குள் போகிறது. டிரிஸ்ஸும் லேசுப்பட்டது அல்ல. அதிலும் ஒரு அமினோ தொகுதி உண்டு. புரதத்துக்காக வைத்திருக்கும் வேதிப்பொருளை இது தின்றுவிடும்.

வேலை தொடங்கியது. புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லை முதல்நாளே ஊற்றி வைத்திருந்தார்கள். வழக்கமாக மற்ற ஆய்வகங்களில் காலையில் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் இறுகியதும் மாதிரியை ஏற்றிவிடுவார்கள். இங்கே அது நடக்காது. அக்ரிலமைடு முழுவதும் இறுகிச் சங்கிலியாக மாற இரவு முழுக்க ஆகும். இறுகாமல் மிச்சமிருக்கும் அக்ரிலமைடும், இறுக வைக்கப் போட்ட பெர்சல்ஃபேட்டின் மிச்சமும் புரதத்தின் அமினோ முனையைப் பிடித்து அடைத்துவிடும்.

"புது ஜெல்லுல ஓட்டினா பேண்ட் அழகா வரும் சார். நீலமாப் பளிச்சுனு இருக்கும். மெஷின்ல போட்டா வாயே திறக்காது," என்றார் மேடம். போதாக்குறைக்கு ஜெல் ஓட்டும்போது மேல் தொட்டி பஃபரில் கொஞ்சம் தயோகிளைகோலேட்டும் சேர்க்கிறார். மிச்சம் மீதி வினைப்பொருட்களை அது முந்திக்கொண்டு பிடித்துவிடுமாம்.

அமினோ முனைக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீளச் சங்கிலி. அதன் ஒரு கோடியில் கட்டுப்படாத அமினோ தொகுதி இருக்கும். அதைப் பற்றி, முதல் அமினோ அமிலத்தை மட்டும் கழற்றி, அது எது என்று பார்த்து, பிறகு இரண்டாவதைக் கழற்றுவதுதான் இந்த முறை. 1950-இல் ஸ்வீடனின் பேர் எட்மன் கண்டுபிடித்தது. கோடி அடைபட்டிருந்தால் பற்ற இடமில்லை, கதை முடிந்தது. இயற்கையே பல புரதங்களை அப்படி அடைத்து வைத்திருக்கிறது. நம் செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் பெரும்பகுதியின் முனையில் அசிட்டைல் தொப்பி உண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வடிவம் கண்டு சொன்ன கொலாஜன் இருக்கிறதே, சென்னைக்குப் பெருமை சேர்த்த அந்தப் புரதத்தின் முக்கியச் சங்கிலியும் முனை அடைபட்டதுதான். அதை இந்த வழியில் அப்படியே படிக்க முடியாது.

மாணவியின் அதிர்ஷ்டம், டிரிப்சின் அந்த ரகம் அல்ல. உடலில் அது செயலற்ற டிரிப்சினோஜனாகத்தான் பிறக்கிறது. முன்னாலிருக்கும் ஒரு சிறு துண்டு வெட்டுப்பட்டதும் புதிதாக வெளிப்படும் ஐசோலூசினின் அமினோ முனை உள்ளே மடிந்து, ஓர் அஸ்பார்டிக் அமிலத்தோடு சேர்கிறது. அப்போதுதான் நொதிக்கு உயிர் வருகிறது. அதாவது வேலை செய்யும் டிரிப்சினின் முனை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். நாம் கெடுக்காமல் இருந்தால் சரி.

இன்னொரு தொல்லை உண்டு: டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அதனால் அதன் வாயைக் கட்டும் தடுப்பானைப் போட்டு, எஸ்டிஎஸ் பஃபரில் கலந்து, இரண்டே நிமிடம் சூடாக்கினார்கள். மாதிரியைக் கரைக்க யூரியா பயன்படுத்தினாயா என்று மேடம் இரண்டு முறை கேட்டார். பழைய யூரியாக் கரைசலில் சயனேட் உண்டாகும். சூடும் சேர்ந்துவிட்டால் அதுவே அமினோ முனையை மூடிவிடும். இல்லை என்று மாணவி தலையாட்டினார்.

நான்கு குழிகளில் அதே மாதிரியை ஏற்றினார்கள். ஒரு குழியைக் காலியாகவே விட்டது எனக்கு அப்போது புரியவில்லை. பைப்பெட் பிடித்த அண்ணன் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலச்சாயக் கரைசலைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போட்டதும் குமிழிகள் எழுந்தன. இனி சாயக்கோடு அடிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டீ வந்தது, வெளியே வராந்தாவில் நின்றுதான் குடிக்க வேண்டும்.

மேடம் அந்த நேரத்தில் பழைய கதை சொன்னார். எட்மன் பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குப் போய், ஜெஃப்ரி பெக் என்பவருடன் சேர்ந்து 1967-இல் இந்த வேலையைத் தானாகவே செய்யும் எந்திரத்தைக் கட்டினார். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மையோகுளோபினை அதில் போட்டு 60 அமினோ அமிலங்கள் வரை படித்துக் காட்டினார்கள். ஆனால் அன்றைய எந்திரத்துக்குப் புரதம் ஏராளமாக வேண்டும், அதுவும் சுத்தமாக. ஜெல்லில் அழகாகப் பிரிந்து நிற்கும் பட்டையை வெளியே எடுக்கத்தான் படாதபாடு. ஜெல்லை நறுக்கி ஊறவைத்தால் புரதம் பாதி வரும். அதோடு உப்பும் சாயமும் அழுக்கும் சேர்ந்து வரும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் மட்சுதைரா. 1987-இல் வெளியான அவருடைய கட்டுரை, ஜெல்லிலிருந்து பிவிடிஎஃப் மெம்பிரேனுக்குப் புரதத்தை மின்சாரத்தால் கடத்தி, அந்த மெம்பிரேன் துண்டையே வெட்டி எந்திரத்தில் போடலாம் என்று காட்டியது. அதற்கு முன் கண்ணாடி இழைத் தாளில் ஏற்றிப் பார்த்தவர்கள் உண்டு. வெஸ்டர்ன் பிளாட்டில் புழங்கிய நைட்ரோசெல்லுலோஸ், எட்மன் முறையின் அமிலங்களையும் கரைப்பான்களையும் தாங்காது. பிவிடிஎஃப் தாங்கும். ஃபுளோரின் ஏறிய பிளாஸ்டிக் அது. புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், அமிலத்துக்கு அசையாது. இங்கே இன்று செய்வதும் ஏறக்குறைய அந்தக் கட்டுரையில் சொன்னதுதான். நாற்பது வருடத்தை நெருங்குகிறது.

சாயக்கோடு அடிக்கு வந்துவிட்டது. கண்ணாடித் தகடுகளைப் பிரித்து ஜெல்லை ஒரு தட்டில் வழுக்கவிட்டார் அண்ணன். தட்டில் இருந்தது கேப்ஸ் பஃபர்: 10 மில்லிமோலார், பிஎச் 11, பத்து சதவீதம் மெத்தனால். அதில் டிரிஸ்ஸும் இல்லை, கிளைசினும் இல்லை. ஜெல் ஓட்டிய பஃபரில் இருந்த கிளைசின் முடிந்தமட்டும் கரைந்து போக வேண்டும் என்று ஐந்து நிமிடம் ஆட்டிவிட்டுக் கொட்டி, மறுபடி புதிதாக ஊற்றினார்கள்.

பக்கத்துத் தட்டில் மெம்பிரேன். உலர்ந்திருக்கும்போது வெள்ளைவெளேரென்று, தண்ணீர் பட்டால் உருண்டு ஓடுகிறது. அதைக் கிடுக்கியால் மெத்தனாலில் தொட்டு எடுத்தார்கள். சில நொடிதான், பஜ்ஜி வைத்த காகிதம் போல ஊடுருவித் தெரியத் தொடங்கியது. மெத்தனால் போகாத இடத்தில் பஃபரும் போகாது, புரதமும் ஒட்டாது. நனைத்த பிறகு ஓரம்கூடக் காயக் கூடாது. ஒரு மூலை வெளுத்தது என்று மேடம் அதை மறுபடி மெத்தனாலுக்கே அனுப்பினார்.

அடுத்தது சாண்ட்விச். பஞ்சு, வடிதாள், ஜெல், மெம்பிரேன், வடிதாள், பஞ்சு. ஜெல் எதிர்மின் பக்கம், மெம்பிரேன் நேர்மின் பக்கம்; பிஎச் 11-இல் பெரும்பாலான புரதங்கள் எதிர்மின்சுமையோடு நேர்மின் பக்கம் ஓடும். மாற்றி அடுக்கினால் புரதம் பஞ்சுக்குள் போய்ச் சேரும். ஜெல்லுக்கும் மெம்பிரேனுக்கும் இடையே காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை விழும். சோதனைக்குழாயை உருட்டி உருட்டிக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளினார் மாணவி. மூடியைப் போட்டு, பனிக்கட்டிப் பொதியோடு தொட்டியில் இறக்கி, 50 வோல்ட்டில் ஒரு மணி நேரம். பள்ளிக்கரணையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் தொட்டிக்கு யுபிஎஸ் தனியாக இருக்கிறது.

வெளியே எடுத்த மெம்பிரேனை என்ன செய்யக் கூடாது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்களாம். வெஸ்டர்னில் அடுத்த படி, பால் பவுடர் கரைசலில் முக்குவது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, காலி இடத்தையெல்லாம் பாலின் புரதத்தால் மூடிவிடுவார்கள். வரிசை படிக்க வேண்டிய மெம்பிரேனில் அதைச் செய்தால் எந்திரம் பாலைத்தான் படிக்கும். "ஆன்டிபாடி போட்டு, கலரும் வரவெச்சு, அந்த மெம்பிரேனையே கவர்ல போட்டு அனுப்பறாங்க சார். சீக்வென்ஸ் கேட்டு லெட்டர் வேற," என்று சிரித்தார் மேடம்.

இங்கே தண்ணீரில் அலசல், மெத்தனாலில் ஒரு முக்கு, பிறகு 0.1 சதவீதம் கூமாஸி நீலத்தில் ஒரு நிமிடம். முழு மெம்பிரேனும் நீலமாகி, என்னடா இது என்று பார்க்கும்போதே 50 சதவீத மெத்தனாலில் சாயம் கழன்று, நான்கு குழிகளுக்கும் நேராக ஒரே உயரத்தில் மெல்லிய நீலப் பட்டைகள் தெளிந்தன. அதற்குக் கீழே மங்கலாக இன்னொரு கோடு. நொதி தன்னையே வெட்டிக்கொண்டதன் மிச்சமாக இருக்கலாம். அதைத் தொடக் கூடாது என்று முடிவானது. அதன் பிறகுதான் அலுப்பூட்டும் வேலை. சுத்தமான தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி அலசுவது. தெருவுக்கு வருவது டேங்கர் லாரித் தண்ணீர். அதை ஆர்ஓ-வில் வடித்து, இன்னொரு வடிகட்டியிலும் ஏற்றிய பிறகுதான் மெம்பிரேன் பக்கமே கொண்டுவருகிறார்கள். மாணவி இரண்டாவது அலசலிலேயே போதும் என்ற முகத்தோடு பார்த்தார். மேடம் மறுபடியும் தட்டைக் காலிசெய்தார். இதற்கு மேலும் சில முறை.

உலர்ந்த மெம்பிரேனை மெத்தனாலில் துடைத்த கண்ணாடிமேல் வைத்து, புது பிளேடால் வெட்டினார்கள். பட்டையை ஒட்டி, வெள்ளை ஓரம் மிகாமல். ஓரம் கூடினால் புரதம் கூடாது, அழுக்குதான் கூடும். நான்கு துண்டுகளும் ஒரு குப்பியில். காலியாக விட்ட குழிக்கு நேராக, அதே உயரத்தில், அதே அளவில் ஒரு வெற்றுத் துண்டையும் வெட்டித் தனிக் குப்பியில் போட்டபோதுதான் அந்தக் காலிக் குழியின் பயன் எனக்குப் புரிந்தது. எந்திரத்தில் அதையும் ஓட்டினால், வெளியிலிருந்து ஒட்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு நிறை நிறமாலைமானியில் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். இன்றைக்கு எல்லா ஊரிலும் அதுதானே பேச்சு. மேடம் மறுக்கவில்லை, வேகத்திலும் பரப்பிலும் அதை அடிக்க முடியாது, முனை அடைபட்ட புரதத்துக்கும் அதுதான் கதி. ஆனால் லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை. எடை பார்க்கும் கருவிக்கு வழக்கமான ஓட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். எட்மன் முறையில் கழன்று வரும் ஒவ்வொன்றும் ஹெச்பிஎல்சி குழாயில் தனித்தனி நேரத்தில் வெளியேறும். லூசின் வேறு முகடு, ஐசோலூசின் வேறு முகடு. முன்பே தரவுத்தளத்தில் இல்லாத புரதமானால் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. டிரிப்சினின் முதல் எழுத்தே ஐசோலூசின்தானே. உயிரியல் மருந்துகளின் தரத்துக்கு உலகம் பின்பற்றும் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் புரதத்தின் இரு முனைகளையும் ஆராயச் சொல்கிறது. மருந்து நிறுவனங்கள் இந்த மாடிப்படி ஏறி வருவதற்கு அது ஒரு காரணம்.

குறை இல்லாத முறை என்று சொல்லிவிட முடியாது. சுற்றுக்கு 95 சதவீதம் கழன்றால் அருமையான ஓட்டம்; அப்படியே வைத்துக்கொண்டாலும் இருபதாவது சுற்றில் தொடங்கியதில் 36 சதவீதம்தான் மிஞ்சும், மீதியெல்லாம் பின்னணி இரைச்சல். ஏற்றிய புரதத்தில் முதல் சுற்றிலேயே பாதிதான் பேசும். சிஸ்டீன் முன்னேற்பாடு செய்யாவிட்டால் தெரியவே தெரியாது. காசும் கொஞ்சம் அல்ல. எனவே பத்து எழுத்து, பதினைந்து எழுத்து என்று கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம்.

சில வாரம் கழித்து மேடம் தொலைபேசியில் முடிவைச் சொன்னார். வெற்றுத் துண்டில் கிளைசின் தரையோடு தரையாக இருந்தது. புரதத் துண்டில் ஐசோலூசின், வாலின், கிளைசின், கிளைசின், டைரோசின், குளூட்டாமிக் அமிலம். ஏழாவது சுற்றில் எதுவும் இல்லை. ஏழாவது இடத்தில் டிரிப்சினுக்குச் சிஸ்டீன், ஆகவே அந்தக் காலியிடமும் ஒத்துப்போகிறது. ஆறாவது இடத்தில் மாட்டு டிரிப்சினுக்குத் திரியோனின். பல மீன்களில் அங்கே குளூட்டாமிக் அமிலம்தான். மாணவியின் ஊகம் சரி.

மாதிரி அனுப்பப் போகும் மாணவர்களுக்கு மேடம் சொல்லச் சொன்னது இதுதான்: ஜெல்லை முந்தைய நாளே ஊற்றுங்கள், டிரான்ஸ்ஃபருக்கு கேப்ஸ் பஃபர் போடுங்கள், பால் பவுடரை அண்ட விடாதீர்கள், பட்டையோடு வெற்று மெம்பிரேன் துண்டு ஒன்றையும் அனுப்புங்கள், என்ன பஃபர் பயன்படுத்தினீர்கள் என்பதைக் குப்பியின் மேலேயே எழுதிவிடுங்கள்.